பட்ஜெட்டில் ஒரு எண் எந்தக் கட்டத்தில் இருக்கிறது: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு ஒரு தொடக்கம்

பிப்ரவரி 1 சாயங்காலத்துக்குள் பட்ஜெட்டைப் பற்றிய பிடிஎஃப்கள் வாட்ஸ்அப் குழுக்களில் வந்து குவிந்துவிடும். மறுநாள் காலையில் புது நத்தம் ரோட்டில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் மேசைகளில் அவை பிரிண்ட் எடுத்து, மஞ்சள் மார்க்கர் போட்டுக் கிடக்கும். மார்க்கர் பட்டதெல்லாம் எண்கள்தான். இத்தனை லட்சம் கோடி, இத்தனை சதவீதம் என்று மனப்பாடம் ஆகியிருக்கும். பரீட்சையில் அதே எண் வந்தும் விடை தப்பிப்போகும்.

பட்ஜெட்டில் எந்த எண்ணும் ஒற்றையாக நிற்பதில்லை. அது எந்த ஆண்டுக்கு உரியது, திட்டமிட்ட தொகையா செலவான தொகையா, வருவாய்க் கணக்கா (சம்பளம், வட்டி, வரி போன்ற அன்றாட வரவு செலவு) மூலதனக் கணக்கா (சொத்து, கடன் சார்ந்தது) என்ற மூன்றும் தெரிந்தால்தான் அது பயன்படும் எண். இந்தக் கட்டுரையில் 2025-26 மத்திய பட்ஜெட்டின் எண்களை வைத்து விளக்குகிறோம். அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு அதே கட்டங்களில் புது எண்களை எழுதிக்கொள்ள வேண்டியதுதான். எண்கள் மாறும், கட்டங்கள் அப்படியே இருக்கும்.

நூறு நாள் வேலை: ஒரு திட்டம், மூன்று விடை

பட்ஜெட் ஆவணத்தில் எந்தத் திட்டத்தை எடுத்தாலும் எதிரே நான்கு எண் பத்திகள் (அட்டவணையின் செங்குத்து வரிசைகள்) இருக்கும். 2025-26 ஆவணத்தில் அவை: 2023-24 உண்மைச் செலவு, 2024-25 மதிப்பீடு (ஆண்டு தொடங்கும் முன் திட்டமிட்டது), 2024-25 திருத்திய மதிப்பீடு (நடு ஆண்டில் மாற்றியது), 2025-26 மதிப்பீடு. கணக்கு முடிந்து தணிக்கை வரை போவதற்குக் காலம் பிடிப்பதால் உண்மைச் செலவு எப்போதும் இரண்டு ஆண்டு பின்தங்கியே வரும். நடப்பு ஆண்டு மார்ச்சில்தான் முடியும். பட்ஜெட்டோ பிப்ரவரியிலேயே வந்துவிடுகிறது. அதனால் அந்த ஆண்டுக்குத் திருத்திய மதிப்பீடு மட்டும் கிடைக்கும்.

மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் எந்தக் கிராமத்தில் கேட்டாலும் தெரிகிற திட்டம் நூறு நாள் வேலை. இதற்கு 2023-24 பட்ஜெட்டில் ஒதுக்கியது 60,000 கோடி ரூபாய். 2024-25க்கு 86,000 கோடி. ஒதுக்கீடு கூடியதா, குறைந்ததா?

மதிப்பீட்டை மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் 43 சதவீதம் உயர்வு. ஆனால் 60,000 கோடி போதாமல் நடு ஆண்டிலேயே 2023-24க்கான தொகையை 86,000 கோடியாகத் திருத்தியிருந்தார்கள். திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிட்டால் ஒரு ரூபாய்கூட மாற்றமில்லை. கணக்கு முடிந்தபோது உண்மைச் செலவு 89,000 கோடியைத் தாண்டிவிட்டது. அதனோடு ஒப்பிட்டால் குறைவு. ஆளுங்கட்சிப் பேச்சாளர் முதல் கணக்கைச் சொல்வார், எதிர்க்கட்சிக்காரர் மூன்றாவதைச் சொல்வார். இருவர் சொல்வதும் ஆவணத்தில் இருப்பதுதான். மெயின்ஸ் விடைத்தாளில் எந்தப் பத்தியோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதை ஒரு வார்த்தை எழுதிவிட்டால் போதும், திருத்துகிறவருக்கு ஆள் விஷயம் தெரிந்தவர் என்று புரிந்துவிடும்.

எதிர்த்திசையில் போகிற உதாரணம் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டம். 2024-25 மதிப்பீடு 70,163 கோடி. திருத்திய மதிப்பீடு 22,694 கோடி. 2025-26 மதிப்பீடு 67,000 கோடி. கடைசி எண்ணை மட்டும் படித்தவர் பெரிய ஒதுக்கீடு என்று நினைப்பார். நடுப்பத்தியையும் பார்த்தவருக்குத்தான் முந்தைய ஆண்டு ஒதுக்கியதில் மூன்றில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை என்பது தெரியும். இந்த வகையில் படித்தால் அரசின் முன்னுரிமை எது என்ற கேள்விக்கு ஓரளவு நேர்மையான விடை கிடைக்கும்.

நூறு நாள் வேலையைக் குறிப்பில் எழுதியிருப்பவர்கள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தில் விபி-ஜி ராம் ஜி என்ற புது ஊரக வேலைச் சட்டம் வந்தது. வேலை நாள் 125 ஆனது. பழைய சட்டத்தில் உடலுழைப்புக் கூலியை மத்திய அரசே முழுவதும் ஏற்றது. புதியதில் பொதுவாக மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கு. பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்கு வாங்கிய கைடு பாடக் கருத்துக்கு உதவும், இந்த மாதிரி இடங்களில் காலை வாரிவிடும்.

பற்றாக்குறைகள்: ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள்

நான்கு பற்றாக்குறைகளின் இலக்கணத்தைப் பத்து முறை வாசிப்பதைவிட ஒரு முறை கழித்துப் பார்ப்பது மேல். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, 2025-26 மதிப்பீட்டு எண்களைக் கோடி ரூபாயில் எழுதிக்கொள்ளுங்கள்.

வருவாய் வரவு 34,20,409. கொடுத்த கடன்கள் திரும்பி வந்தது 29,000. பங்கு விற்பனை போன்ற பிற மூலதன வரவு 47,000. செலவுப் பக்கம் வருவாய்ச் செலவு 39,44,255, மூலதனச் செலவு 11,21,090. இரண்டும் சேர்ந்து மொத்தச் செலவு 50,65,345.

வருவாய்ச் செலவிலிருந்து வருவாய் வரவைக் கழியுங்கள்: 5,23,846. இது வருவாய்ப் பற்றாக்குறை. மொத்தச் செலவிலிருந்து, கடன் வாங்காமல் வருகிற வரவு மூன்றையும் கழியுங்கள்: 15,68,936. இது நிதிப் பற்றாக்குறை. அந்த ஆண்டு அரசு வாங்க வேண்டிய கடனும் இதே தொகைதான். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 4.4 சதவீதம். இதிலிருந்து வட்டிச் செலவான 12,76,338 கோடியைக் கழித்தால் 2,92,598. இது முதன்மைப் பற்றாக்குறை, 0.8 சதவீதம். வாங்குகிற புதுக்கடனில் ஐந்தில் நான்கு பங்கு பழைய கடனுக்கு வட்டி கட்டவே போகிறது என்பதை இந்தக் கடைசிக் கழித்தல் காட்டிக்கொடுத்துவிடும்.

நான்காவது, செயல்திறன் வருவாய்ப் பற்றாக்குறை. இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். மத்திய அரசு ஒரு மாநிலத்துக்குப் பள்ளிக்கட்டடம் கட்ட மானியம் தந்தால், கட்டடம் மாநிலத்தின் சொத்து. மத்திய அரசின் கணக்கில் அது வெறும் மானியம், ஆகவே வருவாய்ச் செலவு. ஆனால் நாட்டில் ஒரு சொத்து உருவாகியிருக்கிறதே! அதனால் இப்படிச் சொத்து உருவாக்கத் தந்த மானியம் 4,27,192 கோடியை வருவாய்ப் பற்றாக்குறையிலிருந்து கழித்து 96,654 கோடி என்று தனியாகக் காட்டுகிறார்கள். இதே மானியத்தை மூலதனச் செலவோடு கூட்டினால் 15.48 லட்சம் கோடி வரும். செய்திகளில் மூலதனச் செலவு என்று 11.21, 15.48 என இரண்டு எண்கள் வருவதன் காரணம் இதுதான்.

வகைப்பாட்டுக் கேள்விகளில் அடிக்கடி தப்புகிறவை சில. ரிசர்வ் வங்கி அரசுக்குத் தரும் உபரி (2024-25க்கு 2,68,590 கோடி) வரியல்லாத வருவாய், மூலதன வரவு ஆகாது. மாநிலங்கள் கடனைத் திருப்பித் தந்தால் அது மூலதன வரவு. அந்தக் கடனுக்கு வட்டி தந்தால் வருவாய் வரவு. மாநிலங்களுக்கு 50 ஆண்டு வட்டியில்லாக் கடனாக அறிவித்த 1.5 லட்சம் கோடி மத்திய அரசுக்கு மூலதனச் செலவு, வாங்குகிற மாநிலத்துக்குக் கடன் வகை மூலதன வரவு. வைகையின் குறுக்கே பாலம் கட்டினால் மூலதனம், அதே பாலத்துக்கு வெள்ளையடித்துப் பராமரித்தால் வருவாய்ச் செலவு.

ஒரு ரூபாய்ப் படத்தில் உள்ள கண்ணி

'ஒரு ரூபாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது' என்ற வட்டப்படத்தை எல்லோரும் மனப்பாடம் செய்கிறார்கள். 2025-26ல் வரவு: கடன் 24 காசு, வருமான வரி 22, ஜிஎஸ்டி 18, கம்பெனி வரி 17, வரியல்லாத வருவாய் 9, மத்திய கலால் 5, சுங்கம் 4, கடனல்லாத மூலதன வரவு 1. செலவில் பெரியவை: மாநிலங்களின் வரிப்பங்கு 22, வட்டி 20, மத்தியத் துறைத் திட்டங்கள் 16, பாதுகாப்பு 8.

இப்போது மேலே போட்ட கணக்குக்குத் திரும்புங்கள். 50.65 லட்சம் கோடிச் செலவில் 15.69 லட்சம் கோடி கடன் என்றால் 31 சதவீதம் வருகிறது. படத்தில் 24 காசு என்கிறார்களே? வட்டியும் அப்படித்தான். 50.65ல் 12.76 என்பது கால் பங்கு. படத்தில் 20 காசு.

இரண்டும் சரி. வகுக்கும் தொகை வேறு. மத்திய அரசு வசூலித்து மாநிலங்களுக்குத் தரும் வரிப்பங்கு 14.22 லட்சம் கோடி. இது மாநிலங்களின் பணம் என்பதால் 50.65 லட்சம் கோடியில் சேராது. வட்டப்படம் மட்டும் இதையும் சேர்த்து, சுமார் 64.87 லட்சம் கோடியை ஒரு ரூபாயாக வைத்துப் போடப்படுகிறது. மொத்தச் செலவில் வட்டியின் பங்கு எவ்வளவு என்று கேட்டால் 20 சதவீதம் என்று எழுதுவது தவறு.

பாதுகாப்புத் துறையிலும் இதே சங்கடம் உண்டு. அமைச்சகத்துக்கு ஒதுக்கியது 6.81 லட்சம் கோடி. படத்தின் 8 காசு என்பது ஓய்வூதியம் முதலியவை நீங்கிய 4.92 லட்சம் கோடிக்கு உரியது. அதிக ஒதுக்கீடு பெற்ற அமைச்சகம் எது என்ற கேள்விக்குப் பாதுகாப்பு என்பதுதான் வழக்கமான விடை. ஆவணத்தில் நிதி அமைச்சகத்தின் தொகை அதைவிடப் பெரியது. வட்டியும் மாநிலங்களுக்கான பரிமாற்றங்களும் அதன் தலையில் எழுதப்படுவதால் வந்த வீக்கம் அது. விடைத் தெரிவுகளில் நிதி அமைச்சகம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குறியுங்கள்.

உரையிலிருந்து பணம் வரைக்கும்

2025-26 உரை வேளாண்மை, சிறு குறு நடுத்தரத் தொழில், முதலீடு, ஏற்றுமதி என்று நான்கு இயந்திரங்களைச் சொன்னது. அவற்றின் கீழ் தேர்வுக்கு உதவுகிறவை: பின்தங்கிய 100 மாவட்டங்களுக்குப் பிரதமர் தன-தான்ய வேளாண் திட்டம், துவரை, உளுந்து, மசூர் பருப்பில் தன்னிறைவுக்கு 6 ஆண்டு இயக்கம், கிசான் கிரெடிட் கார்டில் வட்டி மானியக் கடன் வரம்பு 3 லட்சத்திலிருந்து 5 லட்சம், காப்பீட்டில் அந்நிய நேரடி முதலீடு 74லிருந்து 100 சதவீதம், சிறிய அணு உலைகளுக்கு 20,000 கோடி, புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை. தொழில் வகைப்பாட்டு வரம்பும் மாறியது. குறுந்தொழிலுக்கு முதலீடு 2.5 கோடி, விற்றுமுதல் 10 கோடி. சிறுதொழிலுக்கு 25, 100. நடுத்தரத்துக்கு 125, 500. கப்பலூர் சிட்கோவில் உள்ள ஒரு பட்டறை எந்த வகையில் வரும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் இந்த ஆறு எண்களும் மறக்காது.

ஆனால் உரையில் வருவது அறிவிப்புதான். அது பணமாகி வர எத்தனை படிகள் என்பதை மதுரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, தோப்பூரே சொல்லும். தமிழ்நாட்டுக்கு எய்ம்ஸ் என்று 2015 பிப்ரவரி பட்ஜெட் உரையில் அருண் ஜெட்லி அறிவித்தார். தோப்பூர்தான் இடம் என்று முடிவானது 2018ல். அந்த ஆண்டு டிசம்பரில் 1,264 கோடி மதிப்பீட்டுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2019 ஜனவரி 27 அன்று அடிக்கல். பிறகு மதிப்பீடு 1,977.8 கோடியாக உயர்ந்தது. பெரும்பகுதி ஜப்பானின் ஜைக்கா கடன். கட்டடம் எழும்பும் முன்பே 2022ல் முதல் 50 மாணவர்கள் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆக, அறிவிப்பு, அமைச்சரவை ஒப்புதல், நிதி ஏற்பாடு, வேலை என்று ஒவ்வொன்றும் தனித்தனித் தேதி. மதுரை மெட்ரோவும் அப்படித்தான்: திருமங்கலம் முதல் ஒத்தக்கடை வரை 32 கிலோமீட்டர் திட்டம் மாநில பட்ஜெட் உரையில் பேசப்பட்டது, 2025 நவம்பரில் மத்திய அரசு மக்கள்தொகை வரம்பைக் காட்டித் திருப்பி அனுப்பியது.

நாடாளுமன்றத்துக்குள்ளும் படிகள் உண்டு. ஆண்டு நிதிநிலை அறிக்கை, அதாவது பட்ஜெட் (அரசமைப்புச் சட்டப் பிரிவு 112), வைக்கப்படும்; பொது விவாதம் நடக்கும்; துறைவாரி நிலைக்குழுக்கள் ஆராயும்; மானியக் கோரிக்கைகள் மீது மக்களவை மட்டும் வாக்களிக்கும் (113); நிதி ஒதுக்க மசோதா நிறைவேறினால்தான் தொகுப்பு நிதியிலிருந்து (அரசின் வரியும் கடனும் சேரும் நிதி) பணத்தை எடுக்க முடியும் (114). வரி மாற்றங்கள் நிதி மசோதாவில் வரும். செலவுக்கு நிதி ஒதுக்க மசோதா, வரிக்கு நிதி மசோதா. இந்த இரண்டையும் மாற்றிப் போட்டுத்தான் அதிகம் பேர் மதிப்பெண்ணை விடுகிறார்கள். துணை மானியம், மிகைச் செலவு மானியம் 115. வோட் ஆன் அக்கவுண்ட் (பட்ஜெட் நிறைவேறும் வரை இடைக்காலச் செலவுக்கு ஒப்புதல்) 116. பண மசோதாவை மாநிலங்களவை 14 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். மானியக் கோரிக்கையைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானங்களில், கொள்கை வெட்டு என்றால் கோரிக்கையை 1 ரூபாயாகக் குறைப்பது, அடையாள வெட்டு என்றால் 100 ரூபாயைக் குறைப்பது, சிக்கன வெட்டு என்றால் குறிப்பிட்ட ஒரு தொகையைக் குறைப்பது. வட்டி, நீதிபதிகளின் சம்பளம் போன்ற 'சார்த்தப்பட்ட' (தொகுப்பு நிதியின் மேல் நேரடியாக விழும்) செலவுகளை விவாதிக்கலாம், வாக்கெடுப்பு கிடையாது.

நிதிகள் மூன்று. தொகுப்பு நிதியும் பொதுக் கணக்கும் 266ல், எதிர்பாராச் செலவு நிதி 267ல். எதிர்பாராச் செலவு நிதியின் அளவு 2021ல் 500 கோடியிலிருந்து 30,000 கோடி ஆனது. இன்னும் 500 என்றே அச்சிடுகிற கைடுகள் கடையில் இருக்கின்றன.

மாநிலத்துக்கு 90ஐக் கூட்டினால் போதும்: 112க்கு 202, 113க்கு 203, 116க்கு 206. இந்தக் குறுக்குவழி பண மசோதாவில் மட்டும் செல்லாது. பண மசோதாவின் வரையறை மத்தியில் 110, மாநிலத்தில் 199. அங்கே வித்தியாசம் 89.

தமிழ்நாடு பட்ஜெட்டை விட்டுவிடாதீர்கள்

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்கள் மத்திய பட்ஜெட்டில் மூழ்கி, மார்ச்சில் வருகிற மாநில பட்ஜெட்டைப் பத்திரிகைத் தலைப்போடு முடித்துக்கொள்கிறார்கள். மார்க் வரும் இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ தேடுகிற வேலை இது. 2025-26 மாநில பட்ஜெட்டை 2025 மார்ச் 14 அன்று தங்கம் தென்னரசு தாக்கல் செய்தார். வருவாய்ப் பற்றாக்குறை 41,635 கோடி, நிதிப் பற்றாக்குறை 1,06,963 கோடி. நிதிப் பற்றாக்குறைக்குச் சொல்லும் 3 சதவீதம் மாநில மொத்த உற்பத்தியை வைத்துப் போட்டது; மத்திய அரசின் 4.4 சதவீதத்தோடு நேருக்கு நேர் வைத்து ஒப்பிடும்போது இதையும் எழுத வேண்டும். மகளிர் உரிமைத் தொகைக்கு ஒதுக்கியது 13,807 கோடி. இது வருவாய்ச் செலவு.

மறுநாள் தனியாக வேளாண் பட்ஜெட் வந்தது, 45,661 கோடி. 2021 ஆகஸ்ட் 14ல் தொடங்கிய வழக்கம் இது. அதற்கு முந்தைய நாள் தாக்கலானது மாநிலத்தின் முதல் காகிதமில்லா பட்ஜெட். தாக்கல் செய்தவர் மதுரை மத்தியத் தொகுதியின் பழனிவேல் தியாகராஜன். வேளாண் பட்ஜெட் என்பது கூடுதலாக ஒரு கஜானா கிடையாது. வேளாண்மை, கூட்டுறவு, மின்சாரம் எனப் பல துறைகளில் விவசாயத்துக்குப் போகிற தொகைகளை ஒன்றாகத் தொகுத்துக் காட்டுவது. இரண்டு பட்ஜெட் தொகையையும் கூட்டி மாநிலத்தின் மொத்தச் செலவு என்று எழுதினால் ஒரே பணத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

குறிப்பு எடுக்கும் முறை

முதலில் படிக்க வேண்டியது 'பட்ஜெட் அட் எ கிளான்ஸ்' ஆவணத்தின் முதல் அட்டவணை. ஒரு பக்கம்தான். அதிலிருந்து மேலே போட்ட கழித்தல்களை நீங்களே போடுங்கள். ஆவணத்தின் விடையோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பெரும்பாலும் கடனல்லாத மூலதன வரவைக் கழிக்க மறந்திருப்பீர்கள்.

அடுத்து பதினைந்து திட்டங்கள் போதும். ஏ4 தாளைக் குறுக்காக வைத்து ஆறு பத்திகளாகக் கோடு போடுங்கள்: திட்டம், அமைச்சகம், மத்தியத் துறைத் திட்டமா மத்திய அரசு நிதியுதவித் திட்டமா, முந்தைய மதிப்பீடு, திருத்தியது, புது மதிப்பீடு. மத்தியத் துறைத் திட்டத்துக்கு முழுப் பணமும் மத்திய அரசு. நிதியுதவித் திட்டத்தில் மாநிலமும் பங்கு போடும், பொதுவாக 60:40. ஐம்பது திட்டம் எழுதியவர் எதையும் திரும்பப் பார்ப்பதில்லை.

யார் எத்தனை பட்ஜெட் தாக்கல் செய்தார் போன்ற கேள்விகளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் தாராளம். சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட் 1947 நவம்பர் 26, ஆர்.கே. சண்முகம் செட்டியார். அதிகமுறை தாக்கல் செய்தவர் மொரார்ஜி தேசாய், 10. மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமனுக்கு 2025-26 தொடர்ந்து எட்டாவது. ரயில்வே பட்ஜெட் சேர்ந்ததும் தேதி பிப்ரவரி 1க்கு வந்ததும் 2017ல்.

யுபிஎஸ்சி முதல்நிலையில் தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் கழியும். டிஎன்பிஎஸ்சியில் அந்தக் கழிவு இல்லை. ஆகவே பத்தி எது என்று நினைவில்லாத எண் கேள்வியாக வந்தால் அங்கே விட்டுவிடலாம், இங்கே குறித்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். தாளில் எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் 'ம' (மதிப்பீடு), 'தி' (திருத்தியது), 'உ' (உண்மைச் செலவு) என்று ஒரு எழுத்து போட்டு வைத்திருந்தால் அப்படி நினைவில்லாமல் போகிற எண்கள் வெகுவாகக் குறையும்.